பாக்கியலெட்சுமி கலந்த நிறம்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியில், இப்திகார் முதலாளியின் பெயின்ட் கடைக்குப் பெரிய பெயர்ப்பலகை ஒன்று உண்டு. ஆனால் அக்கம்பக்கத்து ஒழுங்கைகளில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. "பாக்கியம் நிக்கிற கடை" என்றுதான் சொல்வார்கள்.

பாக்கியலெட்சுமி மலைநாட்டில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் வீட்டு வேலைக்கென்று கொழும்புக்கு வந்தாள். வேலை செய்த வீட்டுக்காரர்கள் வெளிநாடு போய்விட, இந்தக் கடையில் கூட்டித் துடைக்கச் சேர்ந்தாள். ஒருநாள் கவுன்டரில் நின்றவர் லீவு. வாடிக்கையாளர் ஒருவர் பழைய கதவிலிருந்து பெயர்ந்த சிம்பு ஒன்றைக் கொண்டுவந்து அதே நிறம் வேண்டுமென்று நின்றார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, மூன்று டின்களைத் திறந்து கலந்து கொடுத்தாள். சிம்பைப் பெயின்டுக்குள் விட்டால் எது சிம்பு எது பெயின்ட் என்று தெரியவில்லை. அன்றிலிருந்து அவள் துடைப்பத்தைத் தொட்டதில்லை. இப்போது நாற்பத்திரண்டு வயது. கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறை வீடு. கணவன் புஷ்பராஜ் துறைமுகத்தில் கூலி வேலை. பிள்ளைகள் இல்லை.

கடையில் நிறம் கலக்கும் இயந்திரம் வந்து எத்தனையோ வருஷம். இலக்கத்தைத் தட்டினால் அதுவே அளந்து ஊற்றிவிடும். ஆனாலும் வீட்டில் நல்ல படம் வைத்திருப்பவர்கள் அவளைத்தான் தேடி வருவார்கள். படத்தைப் போனில் காட்டினால் சிரிப்பாள். "போன்ல இருக்கிறது போனோட நெறம். நான் வீட்டுக்கே வந்து பாக்கிறேங்க," என்பாள். படத்தில் எது துள்ளிக்கொண்டு நிற்கிறதோ அதைச் சுவருக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது அவளுடைய கணக்கு.

"செவப்புப் பூ இருக்குன்னு செவத்த செவப்பா அடிச்சீங்கன்னா பூ செத்துப் போயிரும். பூவுக்குப் பின்னால ஒரு நெழலு கெடக்கும் பாருங்க, அத எடுத்து வெளுற வைக்கணும். அப்பத்தான் படம் மேல வரும்."

சொன்னதோடு விடமாட்டாள். ஒரு அட்டையில் அந்த நிறத்தைப் பூசிக் கொடுத்து, படத்துக்குப் பக்கத்தில் ஒரு நாள் மாட்டிவைத்துப் பார்க்கச் சொல்வாள். கடலோர வீடுகளில் காலை வெளிச்சம் ஒரு மாதிரி, பின்னேர வெளிச்சம் வேறு மாதிரி. அவள் சொன்ன நிறம் இரண்டுக்கும் தாங்கும்.

அந்த வருஷம் பெப்ரவரியில் அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. நெல்லிக்காய் அளவில் இருந்தது எலுமிச்சையானதும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஊசி குத்திப் பார்த்துவிட்டுக் காசநோய் என்றார்கள். நெஞ்சில் இல்லை, கழுத்துக் கட்டியில் மட்டும்தான், மற்றவருக்குத் தொற்றாது, வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் தெளிவாகவே சொன்னார். ஆனால் அந்தப் பெயரே போதுமே. கடையில் தைரொயிட் கட்டி என்று சொல்லிவைத்தாள். தினமும் காலையில் கிளினிக்குக்குப் போய், தாதியின் முன்னால் நின்று மாத்திரைகளை விழுங்கிவிட்டு, புறக்கோட்டையில் பஸ் மாறி வெள்ளவத்தைக்கு வருவாள்.

முதல் நாளே தாதி சிங்களத்தில் ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தார். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம். வாந்தி வந்தால் சொல்லணும். கண் மஞ்சளித்தால் சொல்லணும். பார்வையில், நிறத்தில் ஏதாவது வித்தியாசம் தெரிந்தால் அன்றைக்கே வந்து சொல்லணும். பாக்கியத்துக்குச் சிங்களம் நன்றாகவே வரும். எல்லாம் கேட்டாள், எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

இரண்டு மாதத்தில் மாத்திரைகள் குறையும் என்றிருந்தார்கள். கட்டி சரியாக வற்றவில்லை. அதே மாத்திரைகளை இன்னும் கொஞ்ச நாள் போடச் சொன்னார்கள்.

மூன்றாம் மாதத்தின் நடுவில் ஒரு காலை, சிறுநீர் செம்மஞ்சளாக இல்லை. வெளிறிய தவிட்டு நிறமாக இருந்தது. நோய் இறங்குகிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாள். அதே வாரம் சந்தையிலிருந்து தக்காளி வாங்கி வந்தாள். புஷ்பராஜ் பையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "என்னா பாக்கியம், அவ்வளவும் காயா அள்ளிக்கிட்டு வந்திருக்க?" என்றான்.

"ஊறுகா போடலாம்னு," என்றாள். சொல்லிவிட்டுத் தக்காளிகளைத் திரும்பவும் பார்த்தாள். காயும் பழமும் அவளுக்கு ஒன்றாகவே இருந்தன.

மறுநாள் கடையில் ஆள் வருமுன் நிற அட்டைக் கட்டை எடுத்து விரித்தாள். நீலங்கள் சரி. மஞ்சள் கொஞ்சம் மங்கல், பரவாயில்லை. பச்சை வரிசைக்கு வந்தாள், பிறகு இளஞ்சிவப்பு வரிசைக்கு. இரண்டும் ஒரே அழுக்குத் தண்ணீரில் முக்கி எடுத்தவை போலக் கிடந்தன. அட்டைக்குக் கீழே அச்சடித்த இலக்கத்தைப் பார்த்துத்தான் இது பச்சை, இது சிவப்பு என்று தெரிந்தது. அட்டைக் கட்டை மடித்து உள்ளே வைத்தாள்.

அன்றைக்கே கிளினிக்கில் சொல்லியிருக்க வேண்டும். அது அவளுக்குத் தெரியும். ஆனால் அவளுடைய அண்ணனும் இதே நோயால்தான் போனவன். சுகமாகிவிட்டது என்று நினைத்து நடுவில் மாத்திரையை நிறுத்தியவன். எட்டு மாதத்தில் தோட்டத்து லயக் காம்பராவில் எலும்பும் தோலுமாகக் கிடந்து செத்தான். கண்ணைப் பற்றிச் சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தினால் அண்ணனின் கதிதான் என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள். கண்ணா உயிரா என்று தனக்குத்தானே கேட்டு, தானே பதிலும் சொல்லிக்கொண்டாள். புஷ்பராஜிடம்கூடச் சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நாள், மாத்திரை முடிந்ததும் எல்லாம் திரும்பிவிடும் என்று ஒவ்வொரு காலையும் விழுங்கினாள்.

ஐந்து வாரம் அப்படி ஓடியது. இலக்கங்கள் மனப்பாடம் என்பதால் அட்டையில் இருக்கும் நிறத்தைக் கேட்டவர்களுக்குக் குறையில்லாமல் கொடுத்தாள். கண்ணால் பார்த்துக் கலக்கும் வேலை வந்தால் காஷியர் நஸ்லாவைக் கூப்பிடுவாள்.

"நஸ்லா, இது ஒனக்கு எப்பிடித் தெரியுது? வாங்க வந்த ஆள் சொல்ற மாதிரிச் சொல்லு."

"கொஞ்சம் பச்ச அடிக்கிது அக்கா."

"ஆ, அதான் நானும் நெனச்சேன்."

நஸ்லா தன்னிடம் அபிப்பிராயம் கேட்கிறார்களே என்று பெருமையோடு வருவாள். பாக்கியம் அவள் சொன்ன பிறகுதான் சாயத்தை விடுவாள். பஸ் இறங்கிக் காலி வீதியைக் கடக்கும்போது சிக்னல் விளக்கில் மேலே எரிகிறதா கீழே எரிகிறதா என்று பார்த்துத்தான் காலை வைத்தாள். எழுத்துகள் நடுவில் புகை பிடித்தாற்போல் மங்கத் தொடங்கின.

ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை சுந்தரலிங்கம் என்றொருவர் அவளைத் தன் பிளட்டுக்கு அழைத்தார். கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் மூன்றாம் மாடி. கட்டட வரைபடம் கீறும் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது வயதுக்குப் பிறகு எண்ணெய் வண்ணம் பழகி, ஒரு வருஷமாக ஒரே படத்தைத் தீட்டி முடித்திருந்தார். சட்டம் போட்டு முன்னறைச் சுவரில் மாட்டியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பழைய சிநேகிதர்கள் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். அதற்குள் படத்துக்கு ஏற்றபடி சுவருக்கு நிறம் பூச வேண்டும்.

"வாங்கோ பிள்ளை, இதுதான் ஆள்," என்று படத்தைக் காட்டினார்.

பாக்கியம் பார்த்தாள். கடலோரத் தண்டவாளம், பாறைகள், வானம். வானத்து நீலம் போக மற்றதெல்லாம் கடுகு அரைத்துப் பூசியதுபோல் ஒரே நிறம். வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரிந்தன.

"பாத்த உடன உமக்கு என்ன தோன்றுது?"

தண்டவாளத்துக்கு நடுவே சில இடங்கள் பளபளத்தன. அதைப் பிடித்துக்கொண்டு, "மழ விட்ட ஒடனே மாதிரி இருக்குங்க ஐயா," என்றாள்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. சமையலறைப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "துஷ்யந்தி, கேட்டனீரே? மழை விட்ட நேரமெண்டு இவவுக்கு விளங்கியிட்டுது. உம்மட தங்கச்சி விடியக்காலமோ எண்டு கேட்டவ."

துஷ்யந்தி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். "இவருக்கு இந்தப் படம்தான் இப்ப மூத்த பிள்ளை. நல்ல நிறமாப் பாத்துச் சொல்லுங்கோ."

சுந்தரலிங்கம் படத்தின் மூலையில் இருந்த பாறையின் நிழலை விரலால் தொடாமல் தொட்டுக் காட்டினார். "நிழலை எடுக்கச் சொல்லித்தானே நீர் எல்லாருக்கும் சொல்லுறனீர்? நான் யோசிச்சு வச்சிருக்கிறது இந்த நிழல். உங்கட அட்டையில தேடினனான், இல்லை. உம்மட கையால கலந்தாத்தான் வரும்." அதே வண்ணத்தை வெள்ளை விட்டு வெளிறச் செய்து சிறிய மட்டையில் பூசி வைத்திருந்தார். அதை அவள் கையில் கொடுத்தார்.

இது என்ன நிறம் என்று அவள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நிறம் சொல்ல வந்தவள் நிறம் கேட்பதா? மட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நஸ்லா உறவினர் கல்யாண வீட்டுக்கென்று லீவு. மத்தியானம் இப்திகார் முதலாளி ஜும்ஆவுக்குப் போய்விட்டார். தொழுகை முடிந்ததும் பெயின்ட் அடிக்கும் தாஸிம் பாஸ் வந்து டின்னை எடுத்துப்போவதாக ஏற்பாடு. கடையில் அவள் மட்டும்தான்.

சாம்பல் அடி நிறத்தைத் திறந்தாள். மட்டையைப் பக்கத்தில் வைத்தாள். அதற்குள் ஏதோ ஒரு நிறம் கலந்திருக்கிறது. பாசியா, துருவா? வெள்ளவத்தைக் கரையில் பாறைகள் பாசி பிடித்தும் இருக்கும், தண்டவாளத்தை ஒட்டியவை துரு வடிந்தும் இருக்கும். படத்தில் பாறைக்குப் பக்கத்திலேயே தண்டவாளம் போனது. மட்டையை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்தாள். நிழலில் பிடித்தாள். கண்ணைக் கசக்கிவிட்டுப் பிடித்தாள். வீதியில் போகும் யாரையாவது மறித்துக் கேட்போமா என்றுகூட எண்ணினாள். ஒரு பெண் குடையோடு வந்தாள். பாக்கியம் வாயைத் திறந்தாள். அந்தப் பெண் கடந்து போய்விட்டாள்.

கடைசியில் துரு என்றே தீர்மானித்தாள். சிவப்புச் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். கலக்கி, ஒரு அட்டையில் தடவி, காயவைத்து, மட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் அவள் கண்ணுக்கு அச்சாக ஒன்றாகவே இருந்தன. அவ்வளவு பொருத்தமாக அவள் வாழ்நாளில் கலந்ததில்லை என்று தோன்றியது.

தாஸிம் பாஸ் டின்னைத் திறந்து பார்த்துவிட்டு ஒரு நிமிஷம் யோசித்தார். "இதுதானா தங்கச்சி?"

"இதுதாங்க பாஸ்."

"நீங்க செல்லினா சரிதான்," என்று மூடியைத் தட்டி மூடிக்கொண்டு போனார். வேறு யார் கலந்திருந்தாலும் அவர் இன்னொரு தடவை கேட்டிருப்பார்.

பெயின்ட் மணம் ஒத்துக்கொள்ளாது என்று சுந்தரலிங்கமும் துஷ்யந்தியும் தெஹிவளையில் மகள் வீட்டில் தங்கியிருந்தார்கள். சனிக்கிழமை பின்னேரம் திரும்பினார்கள். அரை மணித்தியாலத்தில் கடைக்குப் போன் வந்தது. முதலாளி எடுத்துப் பேசிவிட்டு, பாக்கியத்தைப் பார்த்தார். "ஒருக்காப் போய்ப் பாத்துட்டு வாங்க. அந்தப் படக்கார ஐயாவுக்கு என்னமோ சரியான கவல."

அவள் மாடியேறிப் போனபோது கதவு திறந்தே இருந்தது. சுந்தரலிங்கம் சுவருக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்திருந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தாள். அவர் போடவில்லை.

"பிள்ளை, கோவிக்காமல் எனக்குச் சொல்லும். இந்தச் சுவர் என்ன நிறம்?"

பாக்கியம் சுவரைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். நேற்று மட்டையோடு ஒட்டி நின்ற அதே நிறம். எதிலோ பிழை. துரு இல்லையென்றால் பாசி. நாக்கு முந்திக்கொண்டது. "பாசிச் சாம்பல் ஐயா. நீங்க குடுத்ததுதான்."

சுந்தரலிங்கம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். துஷ்யந்திதான் சொன்னாள். "அவிச்ச இறால் மாதிரிக் கிடக்கு. ஒரு குழந்தைப் பிள்ளைக்கும் தெரியும். உங்களுக்கு என்ன நடந்தது?"

பழைய பேப்பர் விரித்திருந்த தரையில் பாக்கியம் அப்படியே குந்தினாள். நாலு மாதமாக வெளியில் யாரிடமும் சொல்லாததை, நோயின் பெயரையும், மாத்திரையையும், தக்காளியையும், மட்டையை வெயிலில் பிடித்துப் பார்த்ததையும், ஒழுங்கில்லாமல் கொட்டினாள். காசநோய் என்ற சொல் வந்ததும் துஷ்யந்தி இரண்டடி பின்னால் போனாள். மேசையில் வியாழக்கிழமை பாக்கியம் குடித்த கோப்பை இருந்ததோ என்னவோ, துஷ்யந்தியின் கண் அங்கே போய் வந்தது. பாக்கியம் அதையும் பார்த்தாள்.

"இது ஒட்டாதுங்கம்மா. கழுத்துல மட்டுந்தான். டாக்டரே சொன்னாரு."

"சரி, சரி. அழாதேங்கோ," என்றாள் துஷ்யந்தி, நின்ற இடத்திலிருந்தே.

சுந்தரலிங்கம் எழுந்துவந்தார். தூக்கிவிடக் கையை நீட்டியவர் மனைவியைப் பார்த்துவிட்டு, பிறகும் நீட்டினார். "நான் கண்ணாலதானே இவ்வளவு காலமும் சீவிச்சனான். இதை ஒளிச்சு வைக்கிறதே, பிள்ளை? திங்கட்கிழமை விடியவே போம். சுவரை விடும்."

பெயின்டைப் பற்றி அவர் அதற்குமேல் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை விருந்து நடந்தது என்றும், படத்தைக் கழற்றி உள்ளறையில் வைத்திருந்தார்கள் என்றும் பிறகு தாஸிம் பாஸ் சொல்லி அறிந்தாள். அடுத்த வாரம் வேறு கடையில் பெயின்ட் வாங்கி, சுவரை வெள்ளையாக்கிவிட்டார்கள்.

அவள் கடைக்குத் திரும்புமுன்னே பிளட்டிலிருந்து செய்தி போனில் வந்து சேர்ந்திருந்தது. முதலாளி கடையை மூடிக்கொண்டிருந்தார்.

"TB ஈக்கிண்டு எனக்கிட்ட செல்லல்ல, அது ஒண்டு. கண்ணு வெளங்காம அஞ்சு கிழம சனத்துக்குப் பெயின்ட் கலந்து குடுத்தீங்க, அது இன்னொண்டு. நான் எதுக்குக் கோவப்படட்டும், நீங்களே செல்லுங்க."

"ரெண்டுக்கும் படுங்க மொதலாளி. வேலய மட்டும் எடுத்துறாதீங்க."

அவர் ஷட்டரைப் பாதி இழுத்தபடி நின்றார். "இருவத்தி ரெண்டு வருசம் நான் ஒங்கட கையில விட்டுட்டு ஜும்ஆவுக்குப் போறவன். இனி எப்பிடிப் போற? சொகமாகி வாங்க. வந்தாப் பொறகு பாப்பம்." கடைத் திறப்புக் கொத்தை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

புஷ்பராஜிடம் கண்ணைப் பற்றி அன்றைக்குத்தான் சொன்னாள். அவன் சோற்றைத் தள்ளி வைத்தான். பிறகு எழுந்துபோய், அறையில் தொங்கிய அவளுடைய ஒரு சீலையைக் கொண்டுவந்து, "இது என்னா நெறம்?" என்று கேட்டான். அவள் சொல்லவில்லை. இன்னொன்றைக் கொண்டுவந்தான். "இது?" மூன்றாவதைக் கொண்டுவரும்போது அவன் அழுதுகொண்டிருந்தான்.

திங்கட்கிழமை கிளினிக்கில் டாக்டர் அவள் சொன்னதைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார். தமிழ் தெரிந்த இளம் பெண் டாக்டர். "எப்பத்தில இருந்து?"

"அஞ்சு கெழமைக்கு மேலங்க."

"ஏன் சொல்லல்ல?"

"சொன்னா மருந்த நிப்பாட்டிருவீங்க. எங்க அண்ணன் அப்பிடித்தான் செத்தாரு."

டாக்டர் அவளையே பார்த்தார். "அம்மா, நிப்பாட்ட வேண்டியது ஒரே ஒரு மருந்த மட்டும். மத்தது எல்லாம் நடந்துகொண்டே இருக்கும். ஒங்கட நோயும் கொறஞ்சிருக்கும், கண்ணும் தப்பியிருக்கும். அண்டைக்கே வந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காது."

பாக்கியத்துக்குக் காதில் அந்த ஒரு வசனமே திரும்பத் திரும்ப விழுந்தது. ஒரே ஒரு மருந்து. கண்ணா உயிரா என்று அவளிடம் யாரும் கேட்கவேயில்லை. கேள்வியையும் அவளேதான் உண்டாக்கினாள். கிளினிக் வாங்கில் உட்கார்ந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டாள். புஷ்பராஜ் அவள் இரண்டு கையையும் பிடித்து மடியில் அமுக்கி வைத்திருந்தான்.

கண் ஆஸ்பத்திரியில் புள்ளிகள் நிறைந்த புத்தகம் ஒன்றைக் காட்டினார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் புள்ளிகளுக்குள் ஒரு இலக்கம் இருக்கிறதாம். முதல் பக்கத்தில் பன்னிரண்டு என்றாள். அது எல்லாருக்கும் தெரியும் பக்கம். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை, வெறும் புள்ளி. புரட்டிக்கொண்டிருந்தவர் பாதியில் மூடிவிட்டார். திரும்பி வரலாம், ஆறு மாதமோ ஒரு வருஷமோ எடுக்கும், முழுக்க வராமலும் போகலாம் என்றார்கள்.

ஆறு மாதத்தில் கழுத்துக் கட்டி வற்றிவிட்டது. எழுத்துகளின் நடுவே இருந்த புகையும் விலகியது. பச்சை மெல்லத் திரும்பியது, ஆனால் பழைய பச்சை அல்ல, பலமுறை தோய்த்த துணியின் பச்சை. சிவப்பு வரவில்லை. ஒரு தடவை புள்ளிப் புத்தகத்தில் நாலு பக்கம் வாசித்தாள். அடுத்த தடவை ஐந்து. அதற்கடுத்த தடவையும் ஐந்துதான்.

தை பிறந்ததும் முதலாளி நஸ்லாவை அனுப்பிக் கூப்பிட்டார். அவள் பழையபடி கடைக்குப் போனாள். இயந்திரத்துக்கு முன்னால் நஸ்லா நின்றாள். அவளுக்குத் துணையாக, ஒரு துண்டைக் காட்டினால் அதன் நிறத்தை அளந்து இலக்கம் சொல்லும் புதுக் கருவி ஒன்றும் வந்திருந்தது. பாக்கியத்துக்குத் தூரிகை, ரோலர், பட்டி, மண்தாள் விற்கும் பக்கம். சம்பளத்தில் கை வைக்கவில்லை. முதலாளி அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதை மட்டும் குறைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைகளில் திறப்பை நஸ்லாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டாம் வாரம் ஒரு பெண் பெரிய பையோடு வந்தாள். பைக்குள் துணி சுற்றிய படம். நேரே பாக்கியத்திடம் வந்து, கவுன்டரில் அதைச் சாய்த்து வைத்து, துணியை அவிழ்த்தாள்.

"நீங்கதானே பாக்கியம் எண்டிறது? ஹோலில மாட்டப் போறன். சுவருக்கு என்ன நிறம் நல்லா இருக்கும் எண்டு பாத்துச் சொல்லுங்கோ அக்கா."

பாக்கியம் படத்தைப் பார்த்தாள். ஏதோ பூக்கள். அவளுக்குச் சாம்பலிலும் மங்கிய மஞ்சளிலும் தெரிந்த பூக்கள். பூக்களுக்குப் பின்னால் ஒரு நிழல் கிடந்தது. அது எவ்வளவு இருட்டு என்று தெரிந்தது, என்ன நிறம் என்று தெரியவில்லை.

"எனக்கு நெறம் தெரியாதுங்க. கண்ணுல கோளாறு. அந்தப் பக்கம் நஸ்லான்னு ஒரு புள்ள நிக்கிது, அதுகிட்டக் காட்டுங்க."

அந்தப் பெண் ஒரு கணம் அவளைப் பார்த்தாள், பிறகு படத்தைத் துணியால் மூடித் தூக்கிக்கொண்டு நஸ்லாவிடம் போனாள். அவர்கள் அங்கே பேசத் தொடங்கினார்கள். பாக்கியம் அந்தப் பக்கம் திரும்பாமல், அடுத்து நின்றவருக்கு நாலு அங்குலத் தூரிகை இரண்டை எடுத்துப் பேப்பரில் சுற்றினாள். நூல் கட்டும்போது முடிச்சு விழவில்லை. மறுபடியும் கட்டினாள்.